பழைய லோடு ஆட்டோவில் காற்று நிற்க மாட்டேன் என்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் 22 வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் மூன்று சக்கர லோடு வண்டிகளில் பல, டவுனில் ஓடித் தேய்ந்து, மூன்று கை மாறி வயலுக்கு வந்து சேர்ந்தவை. தார்ச்சாலைக்கென்று செய்த வண்டி இங்கே வாய்க்கால் கரையிலும் களத்துமேட்டிலும் கொள்முதல் நிலையத்துச் சேற்றிலும் ஓடுகிறது. அதனால் இந்த வண்டிகளின் காற்றுப் பிரச்சினை தனி ரகம். ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்பக் கேட்பதை எழுதி வைத்தால் எனக்கும் வாய் வலி குறையும்.

ராத்திரி நிறுத்தும்போது சக்கரம் கல் மாதிரி இருக்கிறது. காலையில் சப்பை. பஞ்சர் பார்த்த பையன் "ஓட்டையே இல்லண்ணே" என்கிறான். எங்கே போகிறது காற்று?

முதலில் வால்வைப் பாருங்கள். டயரைக் கழற்றவே வேண்டாம். மூடியைத் திருகி எடுத்துவிட்டு விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். மெல்லிசாகக் குமிழி கிளம்பினால், வால்வுக்குள் காற்றை அடைத்துப் பிடிக்கும் சின்னப் பின்தான் குற்றவாளி. அறுப்புக் காலத்தில் உமித்தூசி, சுணை, களத்துப் புழுதி எல்லாம் அந்தப் பின்னின் ரப்பர் வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னை இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் புதிது போடுங்கள். டீக்காசுகூட ஆகாது. வால்வு மூடி தொலைந்துபோனால் "அது சும்மா அழகுக்குத்தானே" என்று விடுபவர்கள்தான் அதிகம். தூசியைத் தடுப்பதே அந்த மூடிதான்.

வால்வுப் பின் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் வால்வின் அடி. ரப்பர் டியூபும் பித்தளைத் தண்டும் ஒட்டுகிற இடம். இதில்தான் அந்தப் பையன் ஏமாந்திருப்பான். டியூபைத் தொட்டித் தண்ணீரில் சும்மா அமுக்கினால் அந்த இடம் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். ரிம்முக்குள் பாரம் ஏறித் தண்டு ஒரு பக்கம் வளையும்போது மட்டும் திறக்கும். ஆகவே தண்ணீருக்குள் வைத்தே தண்டை நாலு திசையும் சாய்த்துப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் டியூபை மாற்றுங்கள். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டு நின்றதாக என் அனுபவத்தில் இல்லை.

ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுநாளும் பஞ்சர். ஒட்டியவன் சரியில்லையா?

ஒட்டியவன் சரியாகத்தான் ஒட்டியிருப்பான். முள்ளை எடுத்திருக்க மாட்டான்.

நம் பக்கத்துக் கரைகளில் சீமைக்கருவேல் இல்லாத இடம் எது? அந்த முள் டயருக்குள் ஏறியதும் வெளியே இருக்கும் பாதி ஒடிந்துபோகும். உள்ளே அரை நெல் நீளத்துக்கு நுனி மட்டும் ரப்பரில் புதைந்து நிற்கும். வெளியிலிருந்து தெரியாது, உள்ளே தடவினாலும் சில சமயம் அகப்படாது. காற்று அடித்து 12 சிப்பம் ஏற்றியதும் எட்டிப் பார்க்கும். (சிப்பம் என்பது நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை, ஒன்று 40 கிலோ. 12 என்றால் 480 கிலோ. அதற்கு மேல் ஏற்றுகிறவர்களுக்குக் கீழே தனியாக ஒரு வரி இருக்கிறது.)

நான் செய்வது இதுதான். டயரைப் பிரிக்கும் முன்பே வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. டியூபில் ஓட்டை கிடைத்ததும் வால்விலிருந்து அது எத்தனை சாண் என்று அளந்து, டயரில் அதே தூரத்தில் தேடுவேன். டியூபைத் திருப்பிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வெறும் விரலால் தடவாதீர்கள், என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. பழைய பனியன் துணியைச் சுருட்டி டயருக்குள் ஒரு சுற்று இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும்.

ஓட்டையைப் பார்த்தே காரணம் சொல்ல முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் பஞ்சர் வேலையில் பாதி இதுதான். ஒட்டுவதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

டியூபின் வெளிச்சுற்றில், அதாவது தரையைப் பார்த்த பக்கத்தில், ஒற்றைப் பொட்டு ஓட்டை என்றால் முள், ஆணி, மாட்டு லாடத்து ஆணி. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு மாதக்கணக்கில் கூரை ஆணியாகவே வந்தது. என் கடைக் கூரையும் அதில் பறந்ததுதான். என் ஆணியையே எவர் டயரிலிருந்தாவது பிடுங்கிக் காசு வாங்கியிருப்பேனோ என்னவோ.

பாம்பு கொத்தியது மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காற்றுக் குறைவாக வைத்து, குழாய்ப் பாலத்து விளிம்பிலோ மதகுக் கல்லிலோ ஏற்றியிருக்கிறீர்கள். டயர் அமுங்கி, ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. இதற்கு மருந்து சரியான காற்று.

டியூபின் உள்சுற்றில், ரிம்மைத் தொட்ட பக்கத்தில் ஓட்டை என்றால் ரிம்மில் துரு, பிசிறு, அல்லது வெல்டிங் முண்டு. ரிம்மைச் சரிசெய்யாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் எனக்குத்தான் வருமானம்.

நீளமாகக் கிழிந்து, ஓரம் மாவாக உதிர்ந்து, கறுப்புத் தூள் கொட்டினால் காற்றே இல்லாமல் ஓட்டியது. "கால் கிலோமீட்டர்தான் அண்ணே வந்தேன்" என்பார்கள். அந்தத் தூளைப் பார்த்தால் தெரியும், இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது.

வால்வு அடியில் அரை வட்டமாகக் கிழிந்திருந்தால், அடுத்த கேள்வி உங்களுக்குத்தான்.

சேற்றில் ஏற வேண்டும் என்றால் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கலாமா?

டிராக்டரில் குறைப்பார்கள். அந்த டயரின் அகலம் வேறு, அதற்கென்று அளவுப் புத்தகம் இருக்கிறது. டியூப் போட்ட லோடு ஆட்டோவில் பாரத்தோடு குறைத்தால் நடப்பது வேறு. டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பதே உள்ளிருக்கும் காற்றுதான். அது குறைந்தால் பிடி தளர்ந்து, ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் ரிம் சுற்ற, டயர் கொஞ்சம் பின்தங்கும். டயரோடு டியூபும் நகரும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும். நாலு நாளில் கழுத்து அறுந்துவிடும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று காலையில் ஒரு பார்வை பாருங்கள். சாய்ந்திருந்தால் டயர் நகர ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே காற்றை இறக்கி, டியூபை நேராக்கி, திரும்ப அடித்தால் ஒரு டியூப் மிச்சம்.

20 சிப்பம் ஏற்றுகிறவர்களுக்கு: அது 800 கிலோ. அந்த வண்டிக்கு எந்தக் காற்று அளவும் சரியான அளவு கிடையாது.

எத்தனை பவுண்டு வைக்க வேண்டும்?

வண்டிக்கு வண்டி, முன்னுக்கும் பின்னுக்கும் வேறு. கம்பெனிப் புத்தகத்திலோ கதவோரத்து ஸ்டிக்கரிலோ இருக்கும். பழைய வண்டியில் இரண்டும் இருக்காது என்பதால், அதே மாடல் வைத்திருக்கும் ஷோரூம் சர்வீஸில் கேட்டு, பெயின்டால் மட்காடுக்கு உள்பக்கம் எழுதி வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், அதைத் தினசரி அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். 30 பவுண்டு வைத்த டயரில் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு கூடும். மத்தியானம் சித்திரை வெயிலில் அளந்து, "கூடுதலா இருக்கே" என்று இறக்கிவிட்டால் மறுநாள் விடியலில் குறைவாக நிற்கும். மார்கழியில் "எல்லா டியூபும் லீக்" என்று வந்து நிற்பவர்களில் சிலருக்கு லீக்கே இருக்காது, பனிதான்.

ரிம் இரண்டு பாதியாக இருக்கிறது. நானே பிரிக்கலாமா?

பிரிக்கலாம். ஆனால் இந்தப் பதிலை மட்டும் முழுக்கப் படித்துவிட்டுக் கையை வையுங்கள். 8 இஞ்ச், 10 இஞ்ச் ரிம் உள்ள பழைய மூன்று சக்கர வண்டிகள் பலவற்றில், ஸ்கூட்டர் மாதிரியே, ரிம் இரண்டு தட்டுகள். நடுவில் போல்ட்டு நட்டால் இணைத்திருப்பார்கள். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகள் ஒரு வரிசை, இரண்டு தட்டையும் ஒன்றாகப் பிடிக்கும் நட்டுகள் இன்னொரு வரிசை. காற்று இருக்கும்போது இரண்டாவது வரிசையைக் கழற்றினால், கடைசி நட்டு தளரும் நொடியில் தட்டு வெடித்துப் பறக்கும். கை போகும், முகம் போகும். நான் தொழில் கற்ற கடையில் ஒருவருக்கு முன்பல் மூன்று போனது. அவர் 15 வருட அனுபவஸ்தர், அன்றைக்கு அவசரம், அவ்வளவுதான்.

ஆகவே: முதலில் காற்றை இறக்குங்கள். வால்வுப் பின்னை முழுக்கக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வால்வுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், களிமண் அடைத்திருந்தால் "காற்று வந்து நின்றுவிட்டது" என்று பொய் சொல்லும். டயரை முட்டியால் அமுக்கினால் தொளதொள என்று போக வேண்டும். அப்புறம் நட்டு.

மாட்டும்போது செய்யும் தவறுதான் அடுத்த பஞ்சருக்கு விதை. டியூபை வெறும் பையாக உள்ளே திணிக்காதீர்கள், உருண்டை வடிவம் வருமளவுக்கு வாயால் ஊதின மாதிரி கொஞ்சம் காற்று விடுங்கள். முகப்பவுடர் கொஞ்சம் தூவுங்கள். இரண்டு தட்டையும் சேர்க்கும்போது டியூபின் மடிப்பு நடுவில் சிக்கவில்லையா என்று சுற்றிலும் விரல் விட்டுப் பாருங்கள். நட்டுகளைக் கோலப்புள்ளி மாதிரி எதிரெதிராக இறுக்குங்கள். காற்றைப் பாதி அடித்து, முழுக்க இறக்கி, திரும்ப அடியுங்கள். டியூபில் இருக்கும் சுருக்கம் அப்போதுதான் பிரியும்.

ரிம் துருவுக்கு என்ன செய்வது? கிரீஸ் தடவலாமா?

கிரீஸ், டீசல், பழைய ஆயில், எதுவும் கூடாது. ரப்பரை ஊற வைத்து உப்பிப்போகச் செய்யும். இதைச் சொன்னால் முறைப்பவர்கள் உண்டு, ஏனென்றால் அவர்கள் அப்பா காலத்திலிருந்து தடவி வருகிறார்கள்.

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்திலிருந்து வரும் ரிம்களைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம், உப்புக் காற்று தின்றிருக்கும். நம் உள்நாட்டு வண்டிகளில் உர மூட்டை அதே வேலையைச் செய்கிறது. பொட்டாஷ் என்று வாங்குகிறோமே, அதுவும் ஒரு குளோரைடு உப்புதான். சிந்திய உரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் விட்டால் வழிந்து ரிம்முக்குள் இறங்கும்.

தட்டுகளைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, அதன் மேல் பெயின்ட் ஒரு கை. இரண்டு நாள் நன்றாகக் காய வேண்டும். ஈரப் பெயின்டோடு மாட்டினால் டியூப் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை பிரிக்கும்போது தோலோடு வரும். வால்வு ஓட்டையின் விளிம்பை அரத்தால் வழுவழுப்பாக்க மறக்காதீர்கள். சுத்தியலால் தட்டும்போது துரு செதிலாகக் கழன்று தகடு மெலிந்து தெரிந்தால் அந்த ரிம்மைக் காயலான் கடைக்குப் போடுங்கள்.

டயரோடு இருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். காற்றை இறக்கியிருந்தாலும் சரி. சூட்டில் ரப்பர் கருகி, கிளம்பும் வாயு உள்ளே அடைபட்டு வெடிக்கும்.

ஒட்டு எது நல்லது? சூடு வைப்பதா, சொல்யூஷனா?

இரண்டுமே ஒழுங்காகச் செய்தால் நிற்கும். சொல்யூஷன் ஒட்டு பெயர்வதற்குக் காரணம் பெரும்பாலும் பொறுமையின்மை. தடவினவுடனே ஈரத்தில் ஒட்டுகிறார்கள். தடவி, விரல் முதுகால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்வரை காய விட வேண்டும். ஒரு பீடி நேரம் என்பார் என் வாத்தியார். சுரண்டிய இடம் ஒட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஒட்டின் மூலைகள் வட்டமாக இருக்க வேண்டும், கூர் மூலை முதலில் உரியும்.

பியூட்டைல் டியூபா, சாதா ரப்பர் டியூபா என்று கேட்டு வாங்குங்கள். ஓட்டையே இல்லாவிட்டாலும் ரப்பர் வழியாகக் காற்று கசியும். பியூட்டைலில் அது பல மடங்கு குறைவு. 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த ரப்பர் இது. வாரம் ஒருமுறை காற்று அடிப்பவர் மாதம் ஒருமுறை அடிக்கலாம் என்றால் வித்தியாச விலை பெரிதில்லை.

ட்யூப்லெஸ் ஆக்கிவிட்டால் தொல்லை தீருமா?

இரண்டு தட்டு ரிம்மில் முடியாது. தட்டு சேரும் இடமே ஒரு சுற்று ஓட்டை. அதில் பசை அப்பி ட்யூப்லெஸ் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம், "நீங்க உங்க வண்டியில போட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள்.

டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம்?

சின்ன முள்ளுக்கு உதவும். வால்வுக் கிழிசலுக்கும் ரிம் அறுப்புக்கும் உதவாது. ஊற்றியதைச் சொல்லாமல் கொண்டுவந்தால், பிரிக்கும்போது எங்கள் சட்டைதான் நாசம். வழவழப்பில் ஒட்டும் பிடிக்காது. நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள்: சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஓட்டை அதையும் இதையும் பிரித்துப் பார்க்காது.

வெளிநாட்டு வீடியோவில் பலூன் மாதிரி டயர் போட்ட மூன்று சக்கர வண்டி மணலிலும் சேற்றிலும் போகிறதே, அதில் எப்படிக் காற்று நிற்கிறது?

துபாயிலிருந்து வந்த பையன்கள் காட்டும் வீடியோ. அந்த ரகத்தை 1970இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஹோண்டா. பிறகு ஏடிசி என்ற பெயரில் பிரபலமானது. கவிழ்ந்து அடிபட்டவர்கள் அதிகமானதால், 1988இல் கம்பெனிகள் அங்கே மூன்று சக்கர ரகத்தின் விற்பனையை நிறுத்த ஒப்புக்கொண்டன. இப்போது ஓடுவதெல்லாம் அந்தக் காலத்துப் பழசு.

அதில் வைக்கும் காற்று 2, 3 பவுண்டுதான். டியூப் கிடையாது. டயர் ஓரத்தை ரிம்மோடு அழுத்துவது உள்ளிருக்கும் காற்று என்பதால், 2 பவுண்டில் அந்த அழுத்தம் ரொம்பக் குறைவு. ரிம்மில் நகக்கீறல் அளவு துரு இருந்தாலும் கசியும். அங்கேயும் வைத்தியம் நம் வைத்தியமே: பிரித்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஓரத்துக்கு அதற்கென்று விற்கும் பசை தடவி மாட்டுவது. முடியாவிட்டால் டியூப் போட்டுவிடுவது. பெட்ரோல் தெளித்துத் தீ வைத்து டயரை ரிம்மில் உட்கார வைக்கும் வீடியோவும் சுற்றுகிறது. அதை என் கடைப் பக்கம் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

டன்லப் 1888இல் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினாரே, அவர் முதலில் காற்று டயர் கட்டிப் பார்த்தது மகனுடைய மூன்று சக்கர சைக்கிளில்தான். நம்முடைய தொல்லை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ராத்திரி ஆற்றங்கரையில் பஞ்சர். பக்கத்தில் கடை இல்லை. என்ன செய்வது?

சரிவான கரையில் ஜாக்கி வைக்காதீர்கள், சப்பையாகவே மெதுவாக உருட்டிச் சமதளத்துக்கு வாருங்கள். டியூப் போனால் போகட்டும். மூன்று சக்கர வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் மீதி இரண்டு சக்கரத்தில் நிற்கிறது, பாரத்தோடு தூக்கினால் சாயும். சிப்பங்களை இறக்குங்கள். மீதிச் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டு. நம் களிமண்ணில் வெறும் ஜாக்கி மண்ணுக்குள் இறங்குமே தவிர வண்டி ஏறாது. ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகை ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். அதில் காற்று இருக்கிறதா என்றால் சிரிப்பார்கள்.

மூன்று டயரில் ஒன்றுதான் புதிது வாங்க முடியும். எங்கே போடுவது?

முன்னால். இருப்பதே ஒரு முன் சக்கரம், அது வெடித்தால் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது. வாங்கும்போது டயர் ஓரத்தில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. கடையில் வெயில் படும்படி ஐந்தாறு வருடம் தொங்கிய டயரைப் "புதுசு" என்று எனக்கே ஒருமுறை விற்றிருக்கிறார்கள்.

டியூபை வாய்க்கால் தண்ணீரில் முக்கிப் பார்க்கலாமா?

ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, அந்தத் தண்ணீர் உங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தால் பார்க்கலாம். கடைமடைக்காரர்கள் பக்கெட்டையே நம்புங்கள். ஓடும் தண்ணீரில் பார்த்தால் சின்னக் குமிழியை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், வண்டலில் எதுவும் தெரியவும் தெரியாது. அகலமான அன்னக்கூடையில் தெளிந்த தண்ணீர் போதும். டியூபில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, ஒரு சாண் ஒரு சாணாக இழுத்துப் பிடித்து முக்கி, பத்து எண்ணும்வரை காத்திருங்கள். முக்கினவுடன் கிளம்பும் குமிழி டியூபின் மேல் ஒட்டியிருந்த காற்று. பத்துக்குப் பிறகும் ஒரே இடத்திலிருந்து வந்தால் அதுதான் ஓட்டை. உடனே சாக்பீஸால் வட்டம் போட வேண்டாம், ஈரத்தில் அழிந்துவிடும். தீக்குச்சியைச் செருகி வையுங்கள்.